மட்டக்களப்புக் கடலடியில் ஹெர்மிஸ்: மூழ்கிய கப்பலை எப்படிப் படம்பிடிக்கிறார்கள்?

ஒரு புகைப்படம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, மட்டக்களப்புக்கு நேரே கடலில், ஜப்பானிய விமானம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் புகை கக்கியபடி ஒரு பக்கம் சாய்ந்து நீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நீண்ட தளம் முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு, அந்தக் கப்பலை முனை முதல் முனை வரை ஒரே பார்வையில் கண்ட மனிதர் எவரும் இல்லை.

கப்பல் எங்கும் போய்விடவில்லை. கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தூரத்தில், 50 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில், இன்றும் மணலில் கிடக்கிறது. ஏறத்தாழ 180 மீற்றர் நீளம். அந்த ஆழத்தில், கடல் மிகத் தெளிந்திருக்கும் நாளில்கூட, 30 மீற்றருக்கு அப்பால் கண்ணுக்கு நீலம் மட்டுமே தெரியும். எனவே அங்கே இறங்கும் சுழியோடி ஒருவர் ஒரே நேரத்தில் பார்ப்பது கப்பலின் ஒரு பகுதியை மட்டுமே. மிச்சத்தை நீந்திப் போய்ப் பார்க்க வேண்டும். நீந்துவதற்கோ நேரம் இல்லை. நீருக்கடியில் மூழ்கிய கப்பலைப் படம்பிடிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியது பெரியது, பார்க்கக் கிடைக்கும் வெளி சிறியது, அதற்குள்ள நேரம் அதைவிடச் சிறியது.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேறு வகைக் கப்பலை மாற்றியமைக்காமல், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் ஹெர்மிஸ். 1918இல் அடிமரம் வைத்து, 1924இல் சேவைக்கு வந்தது. (ஜப்பானின் ஹோஷோ பின்னர் தொடங்கப்பட்டும் முன்னதாக முடிந்ததால், சேவைக்கு வந்த முதல் கப்பல் என்ற பெயர் அதற்குப் போயிற்று.) 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிப் படை இலங்கையைத் தாக்க வருகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததும், ஹெர்மிஸ் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு இரவோடிரவாகத் தெற்கே விலகிப் போனது. போகும்போது தன் விமானங்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனது. மறுநாள் காலை திரும்பி வரும் வழியில் ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. குத்தென இறங்கிக் குண்டு போடும் விமானங்கள் வந்த அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் அந்த வழியே வந்ததால் ஏறத்தாழ 600 பேர் உயிர் தப்பினார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயர், ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பல், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகிய எண்ணெய்க் கப்பல்கள் என, அதே நாளில் எங்கள் கிழக்குக் கரையோரம் கடலடிக்குப் போனவை பல.

மட்டக்களப்பு மீனவர்களுக்கு இது புதிதல்ல. கடலடியில் ஒரு பெரிய இரும்புத் துண்டு விழுந்தால் அது சில ஆண்டுகளில் பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டு, ஆகிவிடும். பவளம் ஒட்டும், சின்ன மீன் சேரும், அதைத் தேடிக் களவாவும் பாரையும் சீலாவும் வரும். மீன் கூடும் இடத்தை மீனவர் மறக்கமாட்டார். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் மலையையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்தி, கடலில் ஓர் இடத்தைக் குறித்து வைக்கும் முறைக்குத் தமிழ்நாட்டின் தென்கரையில் கணிச்சம் என்று பெயர். ஜி.பி.எஸ். வருவதற்கு வெகுகாலம் முன்பே உலகின் பல கப்பல் சிதைவுகள் இப்படித்தான் மீனவர் மனத்தில் குறிக்கப்பட்டிருந்தன. இலங்கையின் தென்கரையில் கொடவாயாவுக்கு அப்பால் 30 மீற்றரைத் தாண்டிய ஆழத்தில் கிடக்கும் கப்பல் 2,000 ஆண்டுகள் பழமையானது. இந்து சமுத்திரத்தில் அறியப்பட்டவற்றில் மிகப் பழையதென்று அதைச் சொல்கிறார்கள். கண்ணாடிக் கட்டிகளும், மீன் முதலிய மங்கலச் சின்னங்கள் செதுக்கிய அரைகல்லும் அங்கே கிடைத்தன. 2003இல் அதை முதலில் கண்டவர்கள் சங்கு குளிக்கும் தொழிலாளர்கள். ஆய்வாளர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

இனி 50 மீற்றர் ஆழம் மனித உடலை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இது புரியாவிட்டால் படப்பிடிப்பும் புரியாது.

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று கூடும். 50 மீற்றரில் ஆறு மடங்கு. சுழியோடி முதுகில் சுமக்கும் ஸ்கூபா என்ற சுவாசக் கருவியின் வேலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைக் கொடுப்பது. இல்லாவிட்டால் நெஞ்சுக்கூட்டை விரித்து மூச்சை இழுக்கவே முடியாது. ஆனால் அப்படிக் கொடுக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் ஆறு மடங்கு காற்று செலவாகிறது. கரையில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றைச் சுவாசிக்கிறார் என்றால் அங்கே 120 லீற்றர். 12 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லீற்றர் காற்று இருக்கும். வகுத்துப் பாருங்கள், 20 நிமிடம். அதுவும் கடைசி மூச்சு வரை. மேலே வருவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது நைதரசன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். 30 மீற்றரைத் தாண்டியதும் அது மூளையை மயக்கத் தொடங்குகிறது. கள் குடித்தவரின் நிதானம்தான். கை வேலை செய்யும், ஆனால் எதைச் செய்தோம் என்பது நினைவில் தங்காது. சிலருக்குக் காரணமில்லாத மகிழ்ச்சி வரும், சிலருக்குக் காரணமில்லாத பயம். கமராவை இயக்காமலே 10 நிமிடம் படம்பிடித்ததாக நம்பி மேலே வருவதற்கு இந்த மயக்கம் போதும். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு 40 மீற்றர் என்ற எல்லையை வைத்திருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஹெர்மிஸின் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழே கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் ஆழம் போனால், 57 மீற்றரை ஒட்டி, காற்றிலுள்ள ஒட்சிசனின் அழுத்தமே பாதுகாப்பு எல்லையைத் தொட்டுவிடும். உயிர் தரும் வாயு அதற்கு மேல் வலிப்பை வரவழைக்கக்கூடும். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து சுவாசக் குழாய் நழுவும். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே இத்தகைய ஆழத்தில் நிதானமாக வேலை செய்ய விரும்புகிறவர்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பதில்லை. ஒட்சிசனைக் குறைத்து, நைதரசனின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஹீலியத்தைச் சேர்த்த கலவையைச் சுவாசிக்கிறார்கள். ஹீலியம் மயக்காது. விலைதான் மயக்கும் அளவுக்கு இருக்கும். வெளிவிடும் மூச்சை மறுபடி சுத்திகரித்துத் தரும் ரீபிரீதர் கருவிகள் இந்தச் செலவைக் குறைக்கின்றன. குமிழி விடாததால் மீன்களும் மிரளாது.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. அழுத்தத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த வாயு, மேலே வரும்போது வெளியேற வேண்டும். மெல்ல வந்தால் மூச்சோடு போய்விடும். அவசரப்பட்டால், சோடாப் போத்தலை உடைத்தது போல, உடலுக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டிலும் முதுகுத்தண்டிலும் அந்தக் குமிழி தங்கினால் வாழ்நாள் முடக்கம். எங்கள் கடற்கரைகளில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் இளைஞர்கள் பலர் இந்தக் கணக்கைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரே நாளில் நான்கைந்து முறை இறங்குகிறார்கள். கை கால் விளங்காமல் வீட்டோடு கிடப்பவர்களின் கதையைக் கடற்கரைக் கிராமங்களில் கேட்கலாம். நீருக்கடிப் படம்பிடிப்பைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் இறங்குவது ஒரே கடலில்தான். ஒருவருக்கு மணிக்கட்டில் கணினி, இன்னொருவருக்கு வயிற்றுப்பாடு.

முறையாக இறங்குகிறவர் 50 மீற்றரில் 20 நிமிடம் இருந்தால், மேலே வரும் வழியில் அங்கங்கே நிறுத்தி நிறுத்தி, அதே அளவு நேரமோ அதற்கு மேலோ செலவிட வேண்டும். கடைசி நிறுத்தம் ஐந்தாறு மீற்றரில். சூரியன் தெரியும், படகின் அடிப்பாகம் தெரியும், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். நீரோட்டம் இழுத்தாலும் குளிர் ஏறினாலும் அங்கேதான். ஒரு திரைப்படத்தில் நாம் 10 நொடி பார்க்கும் காட்சிக்குப் பின்னால் இந்தத் தொங்கல் இருக்கிறது.

சரி, கமராவுக்கு வருவோம்.

தண்ணீர்க் குடத்துக்குள் காசு போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காசு மேலெழும்பினாற்போல் தோன்றும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் நேரும் மயக்கம் அது. நீருக்கடியில் முகக் கண்ணாடி போட்டவருக்கும், தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கமராவுக்கும் இதே கதி. பொருள் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஏற்கெனவே சிறிதாக இருக்கும் பார்வை வெளி இன்னும் சுருங்குகிறது. கப்பலைப் படம்பிடிக்க அகன்ற வில்லை வேண்டும். அது தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் வேலை செய்யாது, ஓரமெல்லாம் இழுபட்டுப்போகும். அதனால் அரைக்கோளமாகக் குவிந்த கண்ணாடியைக் கமராப் பெட்டியின் முன்னால் பொருத்துகிறார்கள். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்த வளைவை நேராகச் சந்திக்கும், திசை மாறாது.

அந்தப் பெட்டியைப் பூட்டும் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கமராவுக்கும் ஆறு மடங்கு அழுத்தத்தில் நெருக்கும் உப்பு நீருக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் வளையம். சுண்டுவிரல் தடிப்புகூட இல்லை. இறங்குவதற்கு முதல்நாள் இரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்த வளையத்தைக் கழற்றுவார்கள். விரலிடுக்கில் வைத்து ஒரு சுற்று உருவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். பிறகு பயறளவு சிலிக்கோன் கிறீஸை எடுத்து வளையம் மினுங்கும் அளவுக்கு மட்டும் தடவுவார்கள். கூடினால் அந்தக் கிறீஸே தூசியை இழுக்கும். வளையம் உட்காரும் பள்ளத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைப்பார்கள், ஆனால் பஞ்சின் இழை ஒன்று அங்கே தங்கிவிடக் கூடாது. ஒரு தலைமயிர் குறுக்கே கிடந்தால் போதும், அதன் ஓரமாகத் தண்ணீர் ஊசி போல் நுழையும். மூடிய பின் சிறு பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, விடியும் வரை அந்த வெற்றிடம் நிற்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. உள்ளங்கை அகலக் கண்ணாடியின் மீது அங்கே வெளியிலிருந்து அழுத்தப்போவது சுமார் அரைத் தொன். அவர்களின் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது நிறம். நீர் ஒளியை ஒரே சீராக விழுங்குவதில்லை. முதலில் போவது சிவப்பு, ஐந்து பத்து மீற்றருக்குள்ளேயே வெளுத்துவிடும். பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள். ஹெர்மிஸ் கிடக்கும் ஆழத்தில் எஞ்சுவது நீலமும் சிறிது பச்சையும் மட்டும். துரு நீலச் சாம்பலாகத் தெரியும். கையில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகக் கசியும். பார்த்தவர்கள் முதல் தடவை திடுக்கிடுவார்கள். பீரங்கிக் குழாய் ஒன்று சாம்பல் பூத்த மரக்கட்டை போல் கிடக்கும். அதன்மீது விளக்கை அடித்த கணத்தில் பஞ்சுயிரிகளின் சிவப்பும் மென்பவளத்தின் செம்மஞ்சளும் துருவின் காவியும் ஒன்றாக எழும்பி நிற்கும். விளக்கை நகர்த்தினால் மறுபடி சாம்பல். நிறங்கள் எப்போதும் அங்கே இருக்கின்றன. அவற்றைக் காட்டும் ஒளிதான் மேலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் பெரிய விளக்கு கொண்டுபோனால் போதாதா? போதாது. விளக்கின் ஒளியும் அதே நீர் வழியேதான் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு மீற்றருக்கு அப்பால் சிவப்பு மறுபடி செத்துவிடும். மேலும், கடல்நீரில் எப்போதும் துகள்கள் மிதக்கின்றன. மழையில் டோர்ச் அடித்தால் எதிரே உள்ள ஆளைவிட மழைத்துளிதானே பளிச்சென்று தெரியும்? அதே போல், கமராவுக்குப் பக்கத்திலேயே விளக்கை வைத்தால் படம் முழுவதும் வெள்ளைப் புள்ளி. அதனால்தான் நீருக்கடிக் கமராக்களுக்கு நண்டின் கொடுக்குகளைப் போல இரு பக்கமும் நீண்ட கைகள் இருக்கின்றன. விளக்கு வெளியிலிருந்து சாய்வாக அடிக்கும். கமராவுக்கு நேர் முன்னால் உள்ள நீர் இருட்டாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் கப்பல் சிதைவுப் படப்பிடிப்பின் முதல் விதி கிடைக்கிறது: நெருங்கிப் போ, பிறகு இன்னும் நெருங்கு. நிறமும் கூர்மையும் வேண்டுமானால் ஒரு மீற்றருக்குள் போக வேண்டும். ஆனால் ஒரு மீற்றரில் 180 மீற்றர் கப்பலைக் காட்ட முடியாது. அதனால் படம்பிடிப்பவர்கள் இரண்டு வகையாக எடுக்கிறார்கள். கிட்டப் போய் விளக்கோடு நிறத்தை எடுப்பது ஒன்று. விலகி நின்று, விளக்கே இல்லாமல், மேலிருந்து இறங்கும் மங்கிய நீல ஒளியில் நிழலுருவை எடுப்பது மற்றது. இரண்டாவதில் இன்னொரு சுழியோடியைக் கையில் சிறு விளக்கோடு சட்டகத்தின் நடுவே நீந்தவிடுவார்கள். அந்த ஆள் இல்லாவிட்டால், பார்ப்பவருக்கு அது பீரங்கியா குழாயா என்று தெரியாது.

வண்டல் இன்னொரு தலைவலி. கப்பலுக்குள்ளும் மேலும் பல ஆண்டுத் தூசி மாவாகப் படிந்திருக்கும். சாதாரணமாகக் காலை மேலும் கீழும் உதைத்து நீந்தினால் ஒரே உதையில் எல்லாம் கிளம்பி, கண்ணெதிரே வைத்த கை தெரியாது. அதனால் தவளையைப் போலக் காலைப் பக்கவாட்டில் தள்ளி நீந்தப் பழகுகிறார்கள். உள்ளே நுழைவதென்றால் வாசலில் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று, திரும்ப ஒரு பங்கு, மிச்சம் ஆபத்துக்கு. ஹெர்மிஸைப் பொறுத்தவரை உள்ளே போகவே கூடாது என்பது என் நிலைப்பாடு. அது 307 பேரின் கல்லறை.

கமரா எப்போதும் இப்படி மரியாதையாக நடந்துகொண்டதில்லை. நவீன ஸ்கூபாக் கருவியைப் பிரான்ஸ் நாட்டவர்களான கூஸ்தோவும் கன்யானும் உருவாக்கியது 1943இல், ஹெர்மிஸ் மூழ்கி ஓராண்டு கழித்து. அடுத்த இருபது ஆண்டுகள் ஒரு வேட்டைக்காலம். கூஸ்தோ 1950களில் செங்கடலில் திசில்கோர்ம் என்ற பிரித்தானியச் சரக்குக் கப்பலைப் படம்பிடித்தபோது, அதிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளையும் கப்பலின் மணியையும் மேலே எடுத்து வந்தார். அன்று அதைத் தவறென்று எவரும் சொல்லவில்லை.

இலங்கையிலும் அதே காலம். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் 1956இல் திருகோணமலைக்கு வந்து சுவாமி மலையடியில் இறங்கினார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்களின் கமரா உலகுக்குக் காட்டியது. தேவாரம் பாடிய தலத்தின் கற்கள் மீன்களுக்கு நடுவே கிடக்கும் காட்சி நமக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. 1961 மார்ச்சில் வில்சன் தென்கிழக்கே கிரேட் பாஸஸ் பாறைத்தொடருக்குப் போனார். அங்குள்ளவர்கள் அதை இராவணன் கோட்டை என்பார்கள். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே சில வாரம் மட்டும் கடல் அடங்கும் இடம். இரண்டு சிறுவர்களை நீந்தவைத்து ஒரு நீருக்கடிப் படம் எடுப்பதுதான் அவர் போன நோக்கம். சிறுவர்கள் பித்தளைப் பீரங்கியொன்றைக் கண்டார்கள். பிறகு வெள்ளி நாணயம், கட்டிகட்டியாக. ஒளரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702ஐ ஒட்டி, சூரத்தில் அடித்த ரூபாய்கள். தும்புப் பைகளில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பை உக்கிப் போய்விட்டது, ஆனால் ஏறத்தாழ ஆயிரம் நாணயங்கள் ஒன்றோடொன்று இறுகி, பை என்ன வடிவில் இருந்ததோ அதே வடிவில் கல்லாக நின்றன. கட்டிய வாய்ப்பக்கம்கூட எதுவென்று ஊகிக்கலாம்.

1963இல் நடந்த அடுத்த பயணத்துக்குப் பீட்டர் த்ரொக்மோர்ட்டன் வந்து சேர்ந்தார். 1960இல் துருக்கியின் கெலிடோன்யா முனையில், 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெண்கலக் காலக் கப்பலைக் கடலடியிலேயே அளந்து, வரைந்து, படமெடுத்து அகழ்ந்த குழுவில் இருந்தவர். அங்கேதான் கடலடித் தொல்லியலின் அடிப்படை உறுதிப்பட்டது: ஒரு பொருளைவிட அது கிடந்த இடம் அதிகம் பேசும். எடுத்துவிட்டால் இடம் அழிந்துவிடும். ஆகவே தொடுவதற்கு முன் படம் எடு. அழகுக்காக எடுத்த படம் அன்றிலிருந்து சாட்சியமாக மாறியது. மீண்டும் மீண்டும் பார்க்கலாம், அளக்கலாம், இன்னொருவர் சரிபார்க்கலாம்.

இன்று அந்தச் சாட்சியம் எங்கே வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகுந்த உற்சாகம் தருவது. ஃபோட்டோகிராமெட்ரி என்கிறார்கள். ஒரே பொருளைச் சிறிது சிறிதாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தையதன் பெரும்பகுதியை மறுபடி காட்டும்படி, ஆயிரக்கணக்கில் எடுப்பது. ஒரு ஆணித்தலை பத்துப் படங்களில் பத்து இடத்தில் தெரிந்தால், அந்த இடமாற்றத்தைக் கொண்டு அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணினி கணக்கிடும். நமது இரண்டு கண்களும் செய்வது இதைத்தான். கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு இதைச் செய்தால் கப்பல் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். நீரை நீக்கிவிட்டுப் பார்த்தது போலிருக்கும். திசில்கோர்மை இப்படி 24,000க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு மீட்டெடுத்தார்கள். 3,800 மீற்றர் ஆழத்திலுள்ள டைட்டானிக்கை 2022இல் ஆளில்லா வாகனங்கள் எடுத்த ஏழு லட்சம் படங்களால் கட்டினார்கள். அந்தக் கப்பலை முனை முதல் முனை வரை முழு அளவில் முப்பரிமாணத்தில் காட்டிய முதல் படிவம் அதுதான். ஒரு மீற்றருக்குள் போனால்தான் நல்ல படம் என்ற விதியும், முழுக் கப்பலையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இந்த ஒரு முறையில்தான் ஒத்துப்போகின்றன.

இது எதற்கு இப்போது அவசரம் என்று கேட்கலாம். ஜாவாக் கடலில் நடந்ததைச் சொல்கிறேன். 1942 பெப்ரவரி 27ஆம் திகதிச் சண்டையில் மூழ்கிய நெதர்லாந்தின் டி ரோய்ட்டர், ஜாவா ஆகிய போர்க்கப்பல்களைச் சுழியோடிகள் 2002இல் கண்டுபிடித்தார்கள். 75ஆம் ஆண்டு நினைவுக்குப் படம் எடுக்க 2016இல் மறுபடி போனபோது அங்கே கப்பல் இல்லை. ஆயிரக்கணக்கான தொன் இரும்பு. எதிரொலிக் கருவியில் மணலில் கப்பல் வடிவப் பள்ளம் மட்டும் தெரிந்தது. இரும்புக்கும் செம்புக்கும் வெண்கலச் சுழலிகளுக்கும் ஆசைப்பட்டவர்கள், பிடிகவ்வியும் பாரந்தூக்கியும் கொண்டு அள்ளிப் போய்விட்டார்கள். உள்ளே இருந்த மாலுமிகளின் எச்சங்களையும் சேர்த்துத்தான். மலேசியக் கரைக்கு அப்பால் 1941 டிசம்பர் 10இல் மூழ்கிய பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல்களிலும் இதே கைவரிசை நடந்தது. 2023இல் மலேசிய அதிகாரிகள் சந்தேகத்தின் பேரில் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது அதில் பழைய குண்டுகள் இருந்தன.

போர்க்கப்பல் மூழ்கினாலும் அது அந்த நாட்டு அரசின் உடைமையே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட நியதி. நீரடிப் பண்பாட்டு மரபைக் காக்க யுனெஸ்கோ 2001இல் கொண்டுவந்த உடன்படிக்கை, 100 ஆண்டுகள் நீருக்கடியில் இருந்தவற்றைத்தான் தன் வரையறைக்குள் கொள்கிறது. ஹெர்மிஸுக்கு அந்த நூறு நிறைவது 2042இல். இரும்பு அதுவரை பேசாமல் காத்திருக்காது. உப்பு நீர் தகட்டைத் தினமும் மெலிய வைக்கிறது. நங்கூரம் போடும் படகுகளும் அலங்காரப் பொருளாக ஒரு துண்டை உடைத்தெடுப்பவர்களும் மிச்சத்தைச் செய்கிறார்கள். சுழியோடி வெளிவிடும் குமிழிகூட, மேற்தட்டின் அடியில் தேங்கி, அங்கே துருவை விரைவுபடுத்தும்.

எங்கள் கடலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் கிழக்குக் கடல் மீனவருக்கே பல வேளை மூடப்பட்டிருந்தது. கரையில் எத்தனையோ துயரம் நடந்துகொண்டிருந்தபோது கடலடிக் கப்பல்களை நெருங்கியவர்கள் மிகக் குறைவு. 2009க்குப் பிறகு கடல் திறந்தது. மட்டக்களப்பிலும் பாசிக்குடாவிலும் சுழியோட்ட நிலையங்கள் வந்தன, வெளிநாட்டவர் வந்தார்கள், நல்ல நல்ல படங்களும் வந்தன. திருகோணமலைத் துறைமுகத்தில் அதே 1942 ஏப்ரல் 9இல் எரிந்து பின்னர் அமிழ்த்தப்பட்ட சகாயிங் என்ற பயணிகள் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து மிதக்கவைத்து, துறைமுகத்துக்கு வெளியே ஆழத்தில் மறுபடி இறக்கினார்கள். திறமை நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் தனித்தனிப் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாட்சியமாகச் சேராது. ஒருவர் பீரங்கியை இடமிருந்து எடுப்பார், இன்னொருவர் மேலிருந்து எடுப்பார். எந்த ஆண்டு, எந்த ஆழம், எந்தப் பக்கம் என்ற குறிப்பு இருக்காது. பாசிக்குடாவுக்கு அருகே பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடப்பது 24 மீற்றரில்தான், சாதாரணக் காற்றோடு பொழுதுபோக்குச் சுழியோடிகளும் போகக்கூடிய ஆழம். அங்கே தொடங்கலாம். ஏப்ரலில் கடல் தெளியும்போது முதல் வேலையாக, கப்பலின் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரே தூரத்திலிருந்து ஒரே கோணத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். திகதியையும் ஆழத்தையும் திசைகாட்டி சொன்னதையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் அதே இடங்கள், அதே கோணம். அந்தக் கரையில் பிறந்து, அந்தக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சியும் மணிக்கட்டுக் கணினியும் ஒரு கமராவும் கொடுத்து இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.